வினாடிகளில் தங்கியிருக்கும் பரிசோதனை: கல்லீரல் எம்ஆர்ஐ சேவை ஒன்றைப் பற்றி

அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் கல்லீரலின் வலப்புறத்தில் சிறு முடிச்சு ஒன்று தெரிவதாக எழுதியிருந்ததால், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ பரிசோதனைக்காக என் சித்தப்பாவை ஐந்து வார இடைவெளியில் இரண்டு ஸ்கேன் மையங்களுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. முதல் மையம் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் முடிவு சொல்ல முடியவில்லை. இரண்டாவது மையம் அதே உடலில், அதே முடிச்சில், அதே கேள்விக்குத் தெளிவான விடை தந்தது. இந்த மதிப்புரை இரண்டாவது மையத்தின் சேவையைப் பற்றியது. ஆனாலும் அதன் சிறப்பு விளங்க வேண்டுமானால் முதல் மையத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும் என்பதால், இரண்டின் பெயரையும் தவிர்த்துவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பல ஆண்டுகள் சி.டி. அறையில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன் என்ற முறையில், வரவேற்பறை நாற்காலியையும் குளிர்சாதனத்தையும் விடப் படங்களின் தரத்தையே கவனித்தேன். படிப்பவர்கள் அந்தச் சார்பை மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

சித்தப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றின் விளைவாகச் சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்க நோய் இருக்கிறது. முடிச்சின் அளவு 18 மில்லிமீட்டர். இரத்தத்தில் பிலிருபின் என்ற பித்த நிறமி கூடியிருந்தது, வயிற்றில் கொஞ்சம் நீரும் கோத்திருந்தது. பெரும்பாலான உறுப்புகளில் சந்தேகத்துக்குரிய கட்டி இருந்தால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துத்தான் புற்றுநோயை உறுதிசெய்வார்கள். கல்லீரல் இதற்கு ஒரு விதிவிலக்கு. சிரோசிஸ் போன்ற ஆபத்து நிலையில் இருப்பவர்களுக்கு, ஈரல் செல்லில் தோன்றும் புற்றுநோயைப் படங்களை மட்டும் வைத்தே உறுதிசெய்யலாம் என்று உலகெங்கும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். படமே தீர்ப்பாகிவிடும் இடத்தில், படம் எடுக்கும் முறையில் நேரும் பிழை நோயாளியின் சிகிச்சையையே திசைமாற்றிவிடும். அதனால்தான் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2011-இல் தொடங்கி 2018 வரை திருத்தி வந்த லை-ராட்ஸ் முறை, கட்டியை வகைப்படுத்தும் விதிகளோடு நின்றுவிடாமல், படம் எப்படி எடுக்கப்பட வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது. 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா காந்தம் (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு), உடற்பகுதியைச் சுற்றி அணிவித்துச் சமிக்ஞையை வாங்கும் பல அலகுக் காயில், கொழுப்பைக் கண்டறியும் இருவகை டி1 படங்கள், டி2 படங்கள் (டி1, டி2 என்பவை திசுக்களை வெவ்வேறு விதமாக வெளிச்சமிட்டுக் காட்டும் எம்ஆர்ஐ பட வகைகள்), மருந்து செலுத்துவதற்கு முன்பு ஒன்றும் பின்பு பல கட்டங்களிலுமாக எடுக்கும் டி1 படங்கள் ஆகியவை அதில் கட்டாயமானவை. இரண்டு மையங்களையும் நான் அளந்தது இந்த அளவுகோலால்தான்.

மருந்துக்குப் பின் ஏன் பல கட்டங்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படும். கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு ஈரல் தமனி வழியாகவும் வந்துசேர்கிறது. ஈரல் செல் புற்றுநோயோ பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உண்டு வளர்வது. ஆகையால் கையில் செலுத்திய மருந்து தமனி வழியே முதலில் வந்துசேரும் சில வினாடிகளில், அதாவது தமனிக் கட்டத்தில், கட்டி வெளுத்து ஒளிர்கிறது. சுற்றியுள்ள ஈரல் இன்னும் மங்கலாகவே இருக்கிறது. பிறகு போர்ட்டல் கட்டத்தில், போர்ட்டல் சிரை வழியாக வரும் மருந்தால் ஈரல் வெளுக்கும்போது, கட்டியிலிருந்து மருந்து வடிந்து அது கருத்துப்போகிறது. மருத்துவர்கள் வாஷ்அவுட் என்று சொல்வது இதைத்தான். முதலில் ஒளிர்வதும் பின்னர் கருப்பதும் ஒரே கட்டியில் தெரிந்தால் சந்தேகத்துக்கு அநேகமாக இடமில்லை. ஆனால் அந்த முதல் ஒளிர்வு சில வினாடிகளுக்குத்தான் நிற்கும். அதைத் தவறவிட்டால் மறுபடியும் மருந்து செலுத்தி இன்னொரு நாள் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தவறவிடக் கூடாத அந்தக் கட்டம் தமனிக் கட்டத்தின் பிற்பகுதி. அதைக் கடிகாரத்தைப் பார்த்து அடையாளம் காண்பதைவிட இரத்தக் குழாய்களைப் பார்த்து அடையாளம் காண்பதே நம்பகமானது. ஈரல் தமனி முழுதாக ஒளிர வேண்டும், போர்ட்டல் சிரையிலும் மருந்து வந்திருக்க வேண்டும், ஆனால் ஈரலிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் ஈரல் சிரைகளில் இன்னும் மருந்து இறங்கியிருக்கக் கூடாது. போர்ட்டல் சிரை கருப்பாக இருந்தால் படம் முந்திவிட்டது. ஈரல் சிரை வெளுத்திருந்தால் படம் பிந்திவிட்டது. படங்கள் அடங்கிய குறுந்தட்டை வீட்டுக் கணினியில் போட்டுப் பார்க்கும் எவரும், சற்றுப் பழகினால், இந்த ஒன்றையாவது சரிபார்த்துவிடலாம்.

முதல் மையத்தின் குறுந்தட்டை நான் திறந்தபோது கண்ணில் பட்டது இதுதான்: தமனிக் கட்டம் என்று பெயரிட்ட படத்தொகுதியில் பெருந்தமனி பளீரென்று ஒளிர்ந்தது, போர்ட்டல் சிரை கரித்துண்டு போல் கிடந்தது. மருந்து செலுத்தி எத்தனை வினாடி கழித்து எடுத்தீர்கள் என்று அங்கே கேட்டதற்கு, எல்லோருக்கும் இருபது வினாடிதான் என்று பதில் வந்தது. இதயத்தின் வேகமும் இரத்த ஓட்டமும் ஆளுக்கு ஆள் மாறுபடும்போது எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது. பொதுவாக ஊசி தொடங்கி 35 முதல் 40 வினாடிக்குள் இந்தக் கட்டம் வரும் என்று சொல்வதுகூட ஒரு சராசரிக் கணக்குத்தான். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரு தொகுதி படமெடுக்கப் பதினைந்து வினாடியோ இருபது வினாடியோ ஆகிறது. அந்த நேரம் முழுவதும் சேரும் தகவல்களில் படத்தின் வெளிச்சத்தையும் கருமையையும் தீர்மானிக்கும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதி எடுக்கப்படும் நேரம்தான் மருந்து வரும் நேரத்தோடு பொருந்த வேண்டும். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் நேரத்தை மட்டும் கணக்கில் கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அந்த மையத்தின் விளம்பரத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது 3 டெஸ்லா என்ற எண். காந்தத்தின் வலிமை கூடினால் படத்தின் கூர்மை கூடும் என்பது பொதுவாக உண்மைதான். மூளைக்கும் மூட்டுகளுக்கும் அதன் பயனை நானே பார்த்திருக்கிறேன். வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்கு நிலைமை வேறு. 3 டெஸ்லாவில் ரேடியோ அலையின் அலைநீளம் உடலுக்குள் குறுகிவிடுவதால், நீர் நிறைந்த வயிற்றின் நடுவே அலைகள் சீராகப் பரவாமல் படத்தில் கருநிழல் விழுகிறது. சித்தப்பாவின் படத்தில் ஈரலின் இடது மடல் பாதிக்கு மேல் இந்த நிழலுக்குள் மூழ்கிக் கிடந்தது. லை-ராட்ஸ் 1.5 டெஸ்லாவையும் 3 டெஸ்லாவையும் சமமாகவே ஏற்கிறது என்பதை விளம்பரம் பார்த்து மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நானும் அங்கே நேரம் வாங்கினேன்.

அங்கே செலுத்திய மருந்து கடோக்ஸிடேட். ஈரலுக்கென்றே உள்ள சிறப்பு மருந்து என்று வரவேற்பறையில் பெருமையாகச் சொன்னார்கள். கடோலினியம் என்ற உலோகத்தைக் கொண்ட சாதாரண எம்ஆர்ஐ மருந்துகள் இரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியிலும் மட்டும் உலவிவிட்டுச் சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. கடோக்ஸிடேட்டில் ஏறத்தாழ பாதி ஈரல் செல்களுக்குள் புகுந்து பித்தநீரில் வெளியேறுகிறது. அதனால் ஊசி போட்டு 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல ஈரல் வெண்மையாகவும், ஈரல் செல் இல்லாத கட்டிகள் கருப்பாகவும் தனித்துத் தெரிகின்றன. பெருங்குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறதா, எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது என்று அறுவைக்கு முன் எண்ணிப் பார்க்க இதற்கு நிகரான மருந்து குறைவு. குவிய முடிச்சு மிகைவளர்ச்சி எனப்படும் தீங்கற்ற கட்டியை ஈரல் அடினோமா என்ற இன்னொரு வகைக் கட்டியிலிருந்து பிரித்தறியவும் இது உதவும். இத்தனை சிறப்புகளும் ஈரல் செல்கள் ஒழுங்காக வேலை செய்தால்தான் கிடைக்கும். பிலிருபின் ஏறிய நிலையில் செல்கள் மருந்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. இருபதாவது நிமிடப் படத்தில் ஈரல் தன் இரத்தக் குழாய்களைவிட வெண்மையாக இருந்தால்தான் அந்தக் கட்டம் தேறியதாகக் கொள்வார்கள். சித்தப்பாவின் படத்தில் ஈரலும் குழாய்களும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

கடோக்ஸிடேட்டுக்கு இரண்டு குணங்கள் உண்டு, அவற்றை அறியாமல் கையாண்டால் தமனிக் கட்டம் கெடும். முதலாவது, அளவு மிகச் சிறியது. ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிலிட்டர் என்ற கணக்கில் 62 கிலோ எடையுள்ள சித்தப்பாவுக்கு 6.2 மில்லிலிட்டர்தான். இதை வினாடிக்கு 2 மில்லிலிட்டர் வேகத்தில் தள்ளினால் மூன்றே வினாடியில் தீர்ந்துவிடும். மருந்து ஈரல் தமனியைக் கடக்கும் நேரமும் குறுகிவிடும். ஆகவே வினாடிக்கு 1 மில்லிலிட்டர் என்று மெதுவாகச் செலுத்துவதைப் பலரும் பின்பற்றுகிறார்கள். முதல் மையத்தில் இயந்திர ஊசி பழுதென்று கையாலேயே தள்ளினார்கள். என்ன வேகம் என்பது தள்ளியவருக்கே தெரிந்திருக்காது. இரண்டாவது, இந்த மருந்து சிலருக்குத் தமனிக் கட்டத்தின்போது மட்டும் திடீரென்று மூச்சடக்க முடியாத நிலையை உண்டாக்குகிறது. சில வினாடிகளில் அது தானாகவே சரியாகிவிடும், ஆபத்தும் இல்லை. ஆனால் படம் கலங்கிப்போகும். சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. போர்ட்டல் கட்டம் தெளிவாக இருந்தும் தமனிக் கட்டம் மட்டும் அலையடித்த குளத்து நீர்போல் இருந்ததைப் பார்த்தால், ஒத்துழைக்காத நோயாளி என்று பழியை அவர்மேல் போட்டது நியாயமில்லை என்பது புரியும். அறிக்கையில் எல்ஆர்-என்சி என்ற லை-ராட்ஸ் வகையை எழுதினார்கள். படக் குறைபாட்டால் வகைப்படுத்த இயலவில்லை என்பது அதன் பொருள். அப்படி எழுதிய கதிரியக்க மருத்துவரின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். எல்ஆர் வகைகளில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பியிருந்தால் நாங்களும் நம்பியிருப்போம்.

இரண்டாவது மையத்தில் இருப்பது 1.5 டெஸ்லா இயந்திரம், அதுவும் புதியதில்லை. நேரம் வாங்கிய மறுநாள் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்து, பழைய குறுந்தட்டு, அண்மைய பிலிருபின் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனவர்களுக்குக் கடோலினியம் மருந்துகளைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் தேவை. 2006-இல் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் ஒரு நோயோடு இந்த மருந்துகளுக்கு உள்ள தொடர்பு வெளிப்பட்டதிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஊசி போடுவதை நான் ஏற்பதில்லை. முன்பு எப்போதாவது இத்தகைய மருந்துக்கு ஒவ்வாமை வந்ததா, உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருக்கிறதா என்றும் விசாரித்தார்கள். நான்கு மணி நேரத்துக்கும் குறையாமல் வயிற்றைக் காலியாக வைத்திருக்கச் சொன்னார்கள். குடலின் அசைவும் அதனால் வரும் கலங்கலும் இதனால் குறையும்.

பழைய படங்களைப் பார்த்த கதிரியக்க மருத்துவர், இம்முறை செல்லுக்கு வெளியே மட்டும் உலவும் சாதாரணக் கடோலினியம் மருந்தையே பயன்படுத்தப் போவதாக எங்களை அழைத்துச் சொன்னார். காரணங்களையும் விளக்கினார். ஈரல் செல் கட்டம் எப்படியும் தேறாது என்பது ஒன்று. மூச்சுத் தொல்லை மறுபடியும் வரக்கூடும் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் புதியது. கடோக்ஸிடேட் செலுத்தினால், லை-ராட்ஸ் விதிப்படி கட்டி கருத்துப்போவதைப் போர்ட்டல் கட்டத்தில் மட்டுமே கணக்கில் எடுக்க முடியும். அதற்குப் பின் ஈரலே மருந்தை உறிஞ்சி வெளுக்கத் தொடங்கிவிடுவதால், கட்டி கருப்பாகத் தெரிவது மருந்து வடிந்ததாலா, ஈரல் வெளுத்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கொரிய வழிகாட்டுதல் போன்ற சில இதில் சற்றுத் தளர்வாக இருக்கின்றன. சாதாரண மருந்தில் இந்தக் குழப்பம் இல்லை. இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கும் தாமதக் கட்டத்தையும் பயன்படுத்தலாம். சிறப்பு மருந்து என்ற சொல்லே நம்மில் பலருக்குப் போதுமானதாக இருக்கும்போது, நோயாளியின் ஈரலைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரைச் சந்தித்தது நிறைவளித்தது.

அன்று காலை போனதும் எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார்கள். முதல் மையத்தில் வாய்மொழியாகக் கேட்டதோடு சரி. ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்ற கணக்கில், லிட்டருக்கு 0.5 மோல் அடர்த்தியுள்ள அந்த மருந்து 12.4 மில்லிலிட்டர் என்று முடிவாயிற்று. முழங்கை மடிப்பில் சற்றுப் பெரிய குழாயாகப் பார்த்து ஊசி ஏற்றி, சலைன் விட்டுச் சோதித்தார்கள். இயந்திர ஊசியில் இரண்டு உருளைகள்: ஒன்றில் மருந்து, மற்றொன்றில் சலைன். மருந்து வினாடிக்கு 2 மில்லிலிட்டர் வேகத்தில் போய் முடிந்த கணமே அதே வேகத்தில் சலைன் தொடர்ந்து, கையின் சிரையில் தங்கிய மருந்தையும் தள்ளிக்கொண்டு போனது. இந்தச் சலைன் இல்லாவிட்டால் மருந்தின் வால்பகுதி கையிலேயே தேங்கி, ஈரலை வந்து சேரும் அலை தேய்ந்துவிடும்.

ஆனால் என் கண்ணில் அந்த மையத்தை உயர்த்தியது மருந்துக்கு முன்னால் நடந்த ஒரு கால் மணி நேரம். டெக்னீஷியன் சித்தப்பாவின் அருகில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து நிறுத்துவதற்குப் பதிலாக வெளியே விட்டு நிறுத்தப் பழக்கினார். முழுதாக இழுத்து நிறுத்தும் மூச்சு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவாக இருப்பதால் ஈரலும் மேலும் கீழுமாக நகர்ந்து நிற்கும். மூச்சை விட்டு நிறுத்தும்போது உதரவிதானம் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத் திரும்புகிறது. “பதினெட்டு வினாடி தாங்குமா ஐயா?” என்று கேட்டுக் கடிகாரத்தோடு நான்கு முறை பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், சித்தப்பாவால் பதினான்கு வினாடிக்கு மேல் முடியவில்லை. உடனே அவர் கணினிக்குப் போய்ப் படத்தொகுதியின் நேரத்தைப் பதின்மூன்று வினாடியாகக் குறைத்தார். அதற்காகப் படத்தின் நுணுக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அசையாத ஈரலின் சற்றே மங்கிய படம், அசைந்த ஈரலின் மிக நுணுக்கமான படத்தைவிட ஆயிரம் மடங்கு மேலானது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இயந்திரம் முன்கூட்டி வைத்திருக்கும் அளவுகளை மாற்ற எத்தனை பேர் முன்வருகிறார்கள்? அமெரிக்காவில் ஈரல் மாற்று அறுவைக்கான பட்டியலில் சேர்க்கும் நெறிமுறைகள்கூட, மூச்சடக்கும் நேரம் ஏறத்தாழ 20 வினாடியைத் தாண்டக் கூடாது என்றும், மருந்துக்குப் பிந்தைய படங்களின் துண்டுத் தடிமன் 5 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது என்றும் கேட்கின்றன. இங்கே நேரத்தைக் குறைத்த பின்னும் தடிமன் 4 மில்லிமீட்டராகவே இருந்தது.

மருந்துக்கு முந்தைய படங்கள் வழக்கமானவைதான். கொழுப்பும் நீரும் ஒரே திசையில் ஒலிக்கும்போது ஒன்றும் எதிர்த் திசையில் ஒலிக்கும்போது ஒன்றுமாக எடுத்த இரட்டை டி1 படங்கள், ஈரலில் கொழுப்போ இரும்போ படிந்திருக்கிறதா என்று காட்டின. டி2 படங்களை மூச்சின் தாளத்தைப் பின்தொடர்ந்து எடுத்தார்கள். நீரின் பரவலை அளக்கும் டிஃப்யூஷன் படங்கள் லை-ராட்ஸில் கட்டாயமில்லை. இருந்தும் எடுத்தார்கள், முடிச்சு அதில் லேசாக ஒளிர்ந்தது.

முக்கியமான கணம் வந்தபோது என்னைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்க அனுமதித்தார்கள். ஊசி ஓடத் தொடங்கியதும் திரையில் மார்பும் மேல்வயிறும் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு படமாக வந்துகொண்டிருந்தன. முதலில் வலது இதயம் வெளுத்தது, பிறகு நுரையீரல், பிறகு இடது இதயம், பிறகு பெருந்தமனியில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. அந்தக் கோடு வயிற்றுப் பகுதியை எட்டியதைப் பார்த்து, மூச்சை விடச் சொல்லும் நேரத்தையும் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் பகுதி எடுக்கப்படும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, டெக்னீஷியன் சற்றுக் காத்திருந்துதான் பொத்தானை அழுத்தினார். அந்தச் சில வினாடிக் காத்திருப்பில் ஒரு கைத்தேர்ச்சி இருக்கிறது. படம் வந்து விழுந்ததும் அவர் பார்த்த முதல் இடம் போர்ட்டல் சிரை, இரண்டாவது ஈரல் சிரைகள்; அதற்குப் பின்தான் முடிச்சைப் பார்த்தார். போர்ட்டல் சிரை வெளுத்திருந்தது, ஈரல் சிரைகள் கருப்பாகவே இருந்தன, முடிச்சு விளக்கேற்றியதுபோல் தெரிந்தது. தொடர்ந்து எழுபதாவது வினாடியை ஒட்டிப் போர்ட்டல் கட்டமும், மூன்றாவது நிமிடத்தில் தாமதக் கட்டமும் எடுத்தார்கள். இடையில் இயந்திரத்தின் அளவுகள் எதையும் மாற்றவில்லை. முன்னும் பின்னும் ஒரே அளவுகளில் எடுத்தால்தான் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

முடிச்சு தமனிக் கட்டத்தில் முழுதாக ஒளிர்ந்தது, போர்ட்டல் கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலோடு கலந்து நின்றது, மூன்றாவது நிமிடத்தில்தான் தெளிவாகக் கருத்தது. அதாவது கடோக்ஸிடேட்டையே மறுபடியும் செலுத்தியிருந்தால், தமனிக் கட்டம் நன்றாக அமைந்திருந்தாலும், இந்த வடிதலை விதிப்படி எண்ணியிருக்க முடியாது. 10 முதல் 19 மில்லிமீட்டர் வரையிலான கட்டியில் இந்த இரண்டு அடையாளங்களும் சேர்ந்தால் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அது எல்ஆர்-5, அதாவது ஈரல் செல் புற்றுநோய் என்று உறுதி. கேட்க விரும்பாத விடைதான். ஆனால் ஐந்து வாரமாக விடையே இல்லாமல் இருந்ததோடு ஒப்பிட்டால், அறிக்கை வந்த இரவு சித்தப்பா நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. அறிக்கை கைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. புற்றுநோய்ச் சந்தேகத்தில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது நீண்ட காலம். உள்ளே படுத்திருப்பவருக்கு மூச்சுக் கட்டளை கொடுக்கும் ஒலிபெருக்கி கரகரத்ததால், சித்தப்பா ஒரு முறை விடுவதற்குப் பதிலாக இழுத்துவிட்டார். நல்லவேளையாக அது மருந்துக்கு முந்தைய படம், திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அறிக்கையில் கட்டியின் அளவும் வகையும் நேர்த்தியாக இருந்தன, ஆனால் செலுத்திய மருந்தின் பெயரும் அளவும் இடம்பெறவில்லை. அடுத்து பார்க்கும் மருத்துவர் எந்தக் கட்டத்தில் கருத்ததை நம்பலாம் என்று தீர்மானிக்க மருந்தின் பெயர் தேவை என்பதால், இதைச் சிறு குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்டதும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கடோலினியத்தின் சிறு எச்சம் மூளையில் தங்குவது பற்றி 2014-க்குப் பின் எழுந்த விவாதங்களையும், 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை மூலக்கூறு நேர்கோட்டு வடிவிலுள்ள கடோலினியம் மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்துவிட்டுக் கடோக்ஸிடேட்டையும் அதே வகையைச் சேர்ந்த கடோபெனேட்டையும் ஈரல் பரிசோதனைக்கு மட்டும் விட்டுவைத்ததையும் பார்க்கும்போது, எந்த மருந்து எத்தனை முறை உடலில் சென்றது என்ற கணக்கு நோயாளியின் கையிலேயே இருப்பது அவசியம் என்று நினைக்கிறேன். ஐந்து வாரத்தில் இரண்டு முறை என்பது, முதல் மையம் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் தேவைப்பட்டிருக்காத ஒன்று.

என் முக்கியமான குறை குறுந்தட்டைப் பற்றியது. அதில் எல்லாக் கட்டங்களும் இருந்தன, ஆனால் கழித்தல் படங்கள் இல்லை. மருந்துக்குப் பிந்தைய படத்திலிருந்து முந்தைய படத்தைக் கணினி கழித்துக் கொடுக்கும் இந்தத் தொகுதி, முதலிலேயே வெண்மையாக இருக்கும் இடங்களில் மருந்து உண்மையாகவே ஏறியதா என்று காட்டுவது. சித்தப்பாவின் முடிச்சு மருந்துக்கு முன் கருப்பாக இருந்ததால் இம்முறை அது இல்லாமலே ஒப்பேறிவிட்டது. அடுத்த முறை அப்படி ஒப்பேறாது. முடிச்சை ஊசிவழி வெப்பத்தால் எரித்துவிட மருத்துவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். எரித்த இடம் மருந்தில்லாத டி1 படத்திலேயே வெளுத்துக் காணப்படும் என்பதால், ஓரத்தில் உயிருள்ள கட்டி மிஞ்சியிருக்கிறதா என்பதைக் கழித்தல் படம் இல்லாமல் நம்பிச் சொல்ல முடியாது. மறுபரிசோதனைக்கும் இதே மையத்தில், இதே இயந்திரத்தில், இதே மருந்தோடு நேரம் வாங்கியிருக்கிறேன். பதிவுச் சீட்டில் கழித்தல் படங்களும் வேண்டும் என்று எழுதச் சொன்னபோது, வரவேற்பறையில் இருந்த பெண் உள்ளே போய் டெக்னீஷியனிடம் கேட்டுவிட்டு வந்து, மூச்சை விட்டு நிறுத்தும் பயிற்சியை வீட்டிலேயே தினமும் செய்து வரச் சொல்லுங்கள், இரண்டு படங்களும் ஒரே இடத்தில் பொருந்தினால்தான் கழிக்க முடியுமாம் என்று சொல்லி அனுப்பினார்.